ஒரு சொல்லுக்குச் சொன்ன பொருள்

கோதண்டராமனுக்குப் பேச்சு போய்விட்டிருந்தது. பக்கவாதம் வலது கையையும் காலையும் இழுத்துக்கொண்டபோது நாக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. திருச்சி ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். இங்கிலீஷில் அவர் ஒரு அதட்டல் போட்டால் ஆபீஸே எழுந்து நிற்கும் என்று மருமகள் ரஷ்மி சொல்வாள். அந்த இங்கிலீஷில் ஒரு சொல்கூட இப்போது மிச்சமில்லை. தமிழில்தான் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. தண்ணி, போதும், ஐயோ, ரஷ்மி. அப்புறம் இன்னொன்று.

அந்த இன்னொன்றை அவர் ருடோவுக்கென்றே வைத்திருந்தார்.

வெளிநாட்டில், ஹென்டர்சன் என்ற புறநகரில் அவரைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்தில் ருடோ கேர்கிவர். ஜிம்பாப்வேக்காரி. காலையில் அவரைத் தூக்கி உட்காரவைத்து, உடம்பு துடைத்து, சட்டை மாட்டி, கஞ்சி ஊட்டுவது அவள் வேலை. பாக்யலட்சுமி அதே இல்லத்தில் நர்ஸ், அருப்புக்கோட்டையில் பிறந்தவள். ருடோ கதவைத் திறந்து உள்ளே போனதும் கிழவர் அந்தச் சொல்லைச் சொல்வது மருந்து வண்டியோடு தாழ்வாரத்தில் நிற்கும் பாக்யாவின் காதில் விழும். விழாத மாதிரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள்.

ஒருநாள் ருடோ அவளை அறைக்குள்ளேயே பிடித்துக்கொண்டாள்.

“பாக்யா, ஒரு தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு. இவர் என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிடறார். தினமும். அண்டங்காக்கா.”

அவர்களுக்குள் பேச்சு இங்கிலீஷில்தான். நடுவே அந்த ஒற்றைத் தமிழ்ச் சொல் மட்டும், ஒரு எழுத்தும் பிசகாமல், ருடோவின் கனத்த குரலில் வந்து விழுந்தது. கட்டிலில் கிடந்த கிழவர் தன் சொல்லைத் தானே கேட்டு ஒரு பக்க உதட்டால் சிரித்தார்.

பாக்யாவுக்கு அந்தச் சொல் புதிதல்ல. அவளுக்கு இருபத்திரண்டு வயதில் மதுரையிலிருந்து பெண் பார்க்க வந்திருந்தார்கள். காபித் தட்டோடு அவள் திரும்பி உள்ளே போகும்போது மாப்பிள்ளையின் அத்தை பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தாள்: “அண்டங்காக்கா மாதிரில்ல இருக்கா.” குசுகுசுப்பு என்றாலும் கேட்கட்டும் என்றே போட்ட குசுகுசுப்பு. அந்த வரன் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. கடைசியில் சரத் வந்தான். “வெளிநாட்டுல யாருங்க கலரைப் பாக்குறாங்க” என்று அவன் பெரியமனசோடு சொன்னதாக இன்றைக்கும் வீட்டில் பெருமையாகப் பேசுவார்கள்.

“அது… ஒரு பறவை,” என்றாள் பாக்யா.

“பறவையா?”

“பெரிய பறவை. எங்க ஊர்ல செத்துப்போன முன்னோர்கள் அந்தப் பறவையா வந்து நம்மளைப் பாத்துட்டுப் போவாங்கன்னு நம்பிக்கை. சாப்பிடறதுக்கு முன்னாடி அதுக்குச் சோறு வைப்போம். அது வந்து தொட்டாத்தான் நாம சாப்பிடுவோம்.”

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. அதனால்தானோ என்னவோ அவ்வளவு சரளமாக வந்துவிட்டது.

“அப்போ அவர் என்னை…”

“மரியாதையாத்தான் கூப்பிடறார்.”

இதுதான் பொய்.

ருடோ துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அப்புறம் கிழவரின் நெற்றியில் கை வைத்து, தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னாள். “எங்க பாஷையில ஞாபகங்கறதுக்கு ந்தங்கரீரோன்னு சொல்லுவோம். இதே மாதிரி சத்தம். எல்லா வார்த்தையும் போனப்புறம் மனுசன் எனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சிருக்கார் பாரேன்,” என்றாள்.

அவள் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோதே பாக்யா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியிருந்தால் ஒரு காலைப்பொழுதின் மனவருத்தத்தோடு போயிருக்கும்.

ருடோ எழுதுகிறவள் என்பது பாக்யாவுக்குத் தெரியும். முத்தாரே என்ற ஊரில் வானொலி நாடகம் எழுதி, தானே நடித்தும் வந்தவள். சாயங்காலம் அவள் தொடர் ஒலிபரப்பாகும் நேரத்தில் மினிபஸ் டிரைவர்கள் வண்டியை ஓரங்கட்டி முடிகிறவரை கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்களாம். இங்கே வந்ததும் ஒரு வானொலிக்குக் குரல் தேர்வுக்குப் போனாள். நல்ல குரல், ஆனால் உச்சரிப்பு இந்த ஊர்க் காதுக்குக் கொஞ்சம் கனம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கனமான குரலோடுதான் அவள் கிழவர்களைக் குளிப்பாட்ட வந்து சேர்ந்தாள்.

இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். வேலை முடிந்து பாக்யாவின் காரில்தான் ருடோ ஸ்டேஷன்வரை வருவாள். வறுத்த வேர்க்கடலை கொண்டுவருவாள். ஒருமுறை மக்காச்சோள மாவில் தங்கள் ஊர் சட்சா கிண்டிக்கொண்டு வந்தாள், பாக்யா வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “அட, இது எங்க களி. வெள்ளையா இருக்கு, அவ்வளவுதான்,” என்றாள். ஸ்டேஷன் வாசலில் கார் நின்ற பிறகும் ருடோ இறங்காமல் தான் எழுதியதை வாசிப்பாள். ஒரு ரயில் போகும், அடுத்ததும் போகும். கல்லூரிக்குப் பிறகு ஒரு கதைப்புத்தகத்தைத் தொடாத பாக்யாவுக்கு அந்தக் குரலைக் கேட்கையில் ஏதோ தாகம் தீர்வது போலிருக்கும். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ருடோ அந்தக் கதையை வாசித்தாள். சொற்களையெல்லாம் இழந்த ஒரு கிழவர். அவரைத் துடைத்துவிடும் கறுப்புப் பெண். தன் முன்னோர் வரும் பறவையின் பெயரை அவளுக்குச் சூட்டுகிறார் அவர். கண்டங்களைத் தாண்டி வந்த இரண்டு பேர், ஒரு சொல்லுக்குள் உறவாகிறார்கள். கதை நெடுக அந்தச் சொல் மந்திரம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அண்டங்காக்கா. அண்டங்காக்கா.

“எப்படி இருக்கு?” என்று கேட்டாள் ருடோ.

“நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு,” என்றாள் பாக்யா. அதுவும் பொய்யில்லை. கதை நன்றாகத்தான் இருந்தது. “அந்த வார்த்தை மட்டும்… இங்க வெள்ளைக்காரங்களுக்குப் புரியுமா? எடுத்துட்டு ‘பறவை’ன்னே போட்டுக்கலாமே.”

“அதை எடுத்தா கதை எங்க இருக்கு?” என்று சிரித்தாள் ருடோ.

நகரத்தில் ஒரு கலை அமைப்பு வருஷா வருஷம் கறுப்பினக் குரல்களைக் கொண்டாடுகிறோம் என்று ஒரு விழா எடுக்கும். எழுத்து, ஓவியம், குறும்படம், வானொலி எல்லாம் உண்டு. ருடோவின் கதையை அதற்கு எடுத்துக்கொண்டார்கள். தொகுப்பு நூலில் முதல் கதையாகப் போடப்போவதாகச் சொன்னார்கள். சமூக வானொலி ஒன்று அவளையே வாசிக்கவைத்து ஒலிபரப்பியது. உச்சரிப்பு கனம் என்று இந்தமுறை யாரும் சொல்லவில்லை. நூலகத்தில் நடந்த வாசிப்புக்கு பாக்யாவும் சரத்தும் போயிருந்தார்கள். அரங்கத்தில் வேறு தமிழர்கள் இல்லை. வாசித்து முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பாக்யா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் சரத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“அண்டங்காக்காவா? முன்னோர் பறவையா? யாரு சொன்னது, நீயா?”

“சும்மாருங்க.”

“இல்ல பாக்யா, என்னமா சொல்லியிருக்க! பாவம், அந்தம்மா நம்பிருச்சு.” சிரித்து ஓய்ந்து, வெஸ்ட்கேட் திருப்பம் வந்தபோது அவன் முகம் யோசனைக்கு மாறியிருந்தது. சரத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். ஆண்டு விழாவுக்கு நகரக் கவுன்சிலிடம் நிதி உதவி கேட்டபோது, உங்கள் நிகழ்ச்சிகளில் பிற சமூகத்தவர் யாரும் இல்லையே என்று கேட்டிருந்தார்கள். “நம்ம ஆண்டு விழாவுக்கு இவங்களைக் கூப்பிட்டா என்ன? கறுப்பினக் குரல்னு தனியா ஒரு அமர்வே போடலாம். தமிழ்ச் சொல் வர்ற கதை வேற. அப்படியே பொருந்துது.”

“வேண்டாங்க. சபையில அந்த வார்த்தையை அவ சொன்னா என்ன ஆகும்னு தெரியாதா?”

“அட, நம்ம ஜனங்க நாகரிகமானவங்க. எல்லாரும் படிச்சவங்க. யாரு என்ன சொல்லப்போறாங்க?”

அவள் தடுத்துப் பார்த்தாள். அவன் நேராக ருடோவுக்கே போன் போட்டுப் பேசிவிட்டான். மறுநாள் ருடோ தாழ்வாரத்தில் ஓடிவந்து பாக்யாவைக் கட்டிக்கொண்டாள்.

“உங்க ஜனங்க முன்னாடி! அந்த வார்த்தை பிறந்த வீட்டுலயே போய்ச் சொல்லப்போறேன். உச்சரிப்பைச் சரியாச் சொல்லிக்குடு. தப்பாச் சொன்னா உங்க முன்னோர்கள் கோவிச்சுக்குவாங்க.”

“உன் உச்சரிப்பு சரியாத்தான் இருக்கு,” என்றாள் பாக்யா.

“இல்ல, நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

பாக்யா சொன்னாள். ருடோ திருப்பிச் சொன்னாள். மருந்து வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு அந்தச் சொல்லை அவர்கள் மாறி மாறிச் சொன்னார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பாக்யா மறைத்ததுமல்லாமல் அதைப் பரிமாறவும் செய்துகொண்டிருந்தாள். விழா நெருங்க நெருங்க, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்று நாள் ஓடியது. ஒவ்வொரு நாளும் ருடோவின் சந்தோஷம் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. அதில் ஊசி வைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ருடோவுக்கு வலிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குத் தன்னிடம் பதில் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆண்டு விழா ஹென்டர்சன் சமூகக்கூடத்தில் நடந்தது. குத்துவிளக்கு, வாழ்த்துப்பாடல், பிள்ளைகளின் நடனம். ருடோ மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பூப்போட்ட உடையில், அதே துணியில் தலைக்கட்டும் கட்டிக்கொண்டு மேடையேறினாள். “வணக்கம்,” என்றாள். கூட்டம் ஆரவாரம் செய்தது. வாசிக்கத் தொடங்கினாள். முதல் இரண்டு பக்கத்துக்குக் கூடம் அமைதியாகக் கேட்டது. அந்தக் குரலுக்கு அந்தச் சக்தி இருந்தது.

சொல் வந்தது.

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பின்னால் இளவட்டங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு, வாய்க்குள் அடக்கி மூக்கு வழியே வந்த சிரிப்பு. ருடோ நிமிர்ந்து பார்த்துப் புன்னகை செய்துவிட்டுத் தொடர்ந்தாள். அடுத்தமுறை அந்தச் சொல் வந்தபோது சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். போன்கள் உயர்ந்தன. பாக்யா மேடையோரத்தில் நின்று எல்லா முகங்களையும் பார்த்தாள். அவற்றில் பாதிக்குமேல் அவளைப் போலவே கறுத்த முகங்கள்.

ருடோவுக்கு அது வேறாகப்பட்டது. தங்கள் சொல்லை ஒரு அந்நியக்காரி வாயில் கேட்ட பூரிப்பு என்று நினைத்துவிட்டாள். காகிதத்தைத் தாழ்த்திக்கொண்டு, ஊரில் நாடகமேடையில் செய்கிற மாதிரி கையை விரித்து, “என்னோட சேந்து சொல்லுங்க,” என்றாள்.

“அண்டங்காக்கா!”

பின்வரிசை இளவட்டங்கள் ஒரே குரலில் சொன்னார்கள். ருடோ இன்னொரு முறை கை விரித்தாள். இப்போது பாதிக் கூடம் சொன்னது. கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே சொன்னது. அவளும் கண்ணில் நீரோடு சிரித்தாள்.

மேடையேறி நிறுத்து என்று சொல்ல வேண்டும் என்று பாக்யாவுக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

சங்கத் தலைவர் ருடோவுக்குப் பொன்னாடை போர்த்தினார். மொழி, இனம், நிறம் எல்லாம் கடந்தது தமிழன் நெஞ்சம் என்று பேசினார். சரத் படம் எடுத்தான். அது முடிந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வழியில்தான் ரஷ்மி வந்தாள். கோதண்டராமனின் மருமகள் விழாவுக்கு வந்திருந்ததை பாக்யா அதுவரை கவனிக்கவில்லை. ரஷ்மியின் முகம் வெளுத்திருந்தது. நேராக ருடோவின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில் சொன்னாள்:

“என் மாமனார் உங்களை அப்படிக் கூப்பிட்டதுக்கு எங்க குடும்பத்து சார்பா மன்னிப்புக் கேட்டுக்கறேன். அவருக்கு நினைவு சரியில்லை. ஆனா நினைவிருந்த காலத்துலயும் அவர் அப்படித்தான், மறைக்க ஒண்ணுமில்லை. நீங்க அதையே ஒரு நல்ல விஷயமா மாத்திட்டீங்க. உங்க மனசு யாருக்கும் வராது.”

“மன்னிப்பா? எதுக்கு?” என்றாள் ருடோ. புன்னகை இன்னும் உதட்டில் இருந்தது.

ரஷ்மி திகைத்து பாக்யாவைப் பார்த்தாள். ருடோவும் பார்த்தாள். பாக்யா தரையைப் பார்த்தாள். அந்தப் பார்வை தாழ்ந்தபோதே ருடோவுக்குப் பாதி விளங்கிவிட்டது.

“அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?” என்று ரஷ்மியிடம்தான் கேட்டாள்.

“காக்காயில நல்ல கறுப்பா ஒரு ஜாதி உண்டு. கறுப்பா இருக்கறவங்களைக் கேலி பண்ண எங்க ஊர்ல… உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் எழுதினீங்கன்னு நினைச்சேன்.”

ருடோ பொன்னாடையை எடுத்து மடித்தாள். ஒழுங்காக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள். கார் நிறுத்துமிடத்தில் பாக்யா அவளை எட்டிப் பிடித்தாள்.

“ருடோ, நில்லு. நான் சொல்றதைக் கேளு.”

“நீ சொன்ன அன்னைக்கு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் கதையை வாசிச்சுக் காட்டினப்போ?”

“தெரியும்.”

“மருந்து வண்டிக்கு அந்தப் பக்கம் நின்னு எனக்குச் சொல்லிக்குடுத்தியே, அப்போ?”

பாக்யா அழத் தொடங்கினாள். “என்னையும் அப்படித்தான் கூப்பிட்டாங்க ருடோ. சின்ன வயசுலேர்ந்து. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். உனக்கு அந்த வலி வேண்டாம்னுதான்…”

“அது உன் வலி. அதை எனக்கு வேணுமா வேண்டாமான்னு என்னைக் கேட்டியா?” ருடோவின் குரல் உயரவில்லை. “அந்தக் கிழவர் என் முகத்துக்கு நேரா வைதார். அவர்கிட்ட இருந்த வார்த்தையால வைதார். நான் அவருக்குப் பதில் சொல்லியிருப்பேன். என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும், இதையெல்லாம் நான் இன்னைக்குத்தான் பாக்கறேனா? நீ அதை என்கிட்டேருந்து பிடுங்கிக்கிட்ட. அவருக்கு நான் நன்றி சொன்னேன் பாக்யா. தினமும் சொன்னேன். ரேடியோவுல சொன்னேன்.”

“நான் தப்புப் பண்ணிட்டேன்.”

“இன்னைக்கு அவங்க சிரிச்சாங்க. அவங்களை நான் மறந்துடுவேன். அவங்க யாரோ.”

அவ்வளவுதான். பாக்யாவின் காரில் ஏறாமல் ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாள். தலைக்கட்டின் மஞ்சள் தெருமுனைவரை தெரிந்தது.

மறுநாள் காலை பாக்யா கோதண்டராமனின் அறைக்கு வேறு கேர்கிவரை மாற்றிப் போட்டாள். ருடோ அதைப் பார்த்துவிட்டு, “என் வேலையை நான் செய்வேன், சிஸ்டர்,” என்றாள். நாலு வருஷத்தில் முதல்தடவையாக சிஸ்டர் என்றாள். துவாலையும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியிருந்தது. கிழவர் வழக்கம்போல் அந்தச் சொல்லைச் சொல்வது கேட்டது. அதற்கு ருடோ தன் மொழியில், அவசரமில்லாமல், நீளமாகப் பதில் சொல்வதும் கேட்டது. பாக்யாவுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. என்ன சொன்னாய் என்று கேட்கிற இடத்தில் அவள் இப்போது இல்லை.

ருடோ கதையைத் திரும்ப எழுதினாள். கலை அமைப்புக்குப் போய், முன்பு கொடுத்தது பொய்யின் மேல் எழுதியது, அதை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள் என்று கேட்டாள். அவர்கள் வாசித்தார்கள். எழுத்து பிரமாதம் என்றார்கள். ஆனால் இந்த வருஷத்து விழாவின் கருப்பொருள் கொண்டாட்டம் என்றார்கள். இது கசப்பாக இருக்கிறது. இன்னொரு சிறுபான்மைச் சமூகத்தை நோகடிப்பதாகவும் ஆகிவிடக்கூடாது. பழைய கதையே எல்லோர் மனதையும் தொட்டது, அதுவே இருக்கட்டுமே என்றார்கள். ருடோ இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்டாள். இந்த விவரமெல்லாம் பாக்யாவுக்கு வேலையிடத்தில் மற்றவர்கள் பேசிக்கொண்டதில் தெரிந்தது.

தொகுப்பு வெளிவந்தது. அவள் கதை அதில் இல்லை. விளம்பரத் தட்டிகள் முன்பே அச்சாகிவிட்டதால் அவள் முகம் மட்டும் இருந்தது. வெஸ்ட்கேட் நூலக வாசலில், ஆள் உயரத்துக்கு, ருடோ வாயைத் திறந்து எதையோ சொல்லப்போவதுபோல் நின்றாள். கடைக்குப் போகும்போதெல்லாம் பாக்யா அந்தப் பக்கம் பாராமல் சுற்றிக்கொண்டு போனாள்.

சங்கத்துக்கு நல்ல பேர் வந்தது. கவுன்சிலின் செய்தி மடலில், பொன்னாடை போர்த்திய ருடோவின் படத்தோடு, நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு என்று நாலு வரி போட்டார்கள். கூட்டம் சேர்ந்து அந்தச் சொல்லைச் சொல்லும் வீடியோ வாட்ஸப்பில் சென்னைவரை போய், பல பேர் கை மாறி, சிரிப்புப் பொம்மைகளோடு பாக்யாவின் அக்காள் வழியாக அவளுக்கே திரும்பி வந்தது.

“இதை அழிக்கச் சொல்லுங்க,” என்றாள் சரத்திடம்.

“ஊரே அனுப்பிக்கிட்டிருக்கு, யாரைப் போய் அழிக்கச் சொல்றது? அவங்களே சிரிச்சுக்கிட்டுத்தானே சொன்னாங்க. நீ ஏன் போட்டு மனசை ஒழப்பிக்கற?”

“எனக்கும் அந்தப் பேர்தாங்க.”

“உன்னை யாராவது ஏதாவது சொன்னாங்களா? நான் கட்டிக்கலையா உன்னை?” என்றான் சரத். சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று தெரியாமலே போனைப் பார்க்கத் தொடங்கினான். பாக்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருஷமாக அவன் தனக்குச் செய்த உபகாரம் என்று அவன் எதை நினைத்திருக்கிறான் என்பது அவளுக்கு அன்றைக்கு முழுசாகத் தெரிந்தது.

குளிர்காலத்தில் கோதண்டராமன் காலமானார். அதற்குள் ருடோ வேலையை விட்டு மனுரேவா பக்கம் வேறு இல்லத்தில் சேர்ந்திருந்தாள். பாக்யா அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. அழைத்தால் மணி அடித்து ஓயும்.

வசந்தம் தொடங்கியபிறகு, யாரோ பகிர்ந்திருந்த அறிவிப்பில் ருடோவின் பெயரைப் பார்த்தாள். கரங்காஹாபே ரோட்டில் ஒரு பழைய புத்தகக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசிப்பு. அமைப்பு எதுவும் பின்னால் இல்லை, தட்டி இல்லை. நாலைந்து ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் தாங்களே கூடி, தங்கள் கதைகளைத் தாங்களே சின்னப் புத்தகங்களாகப் போட்டிருந்தார்கள். பாக்யா தயங்கித் தயங்கிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அறை நிறையவில்லை. ஆனால் வந்திருந்தவர்கள் கேட்கவென்றே வந்தவர்கள்.

ருடோ அந்தப் புதிய கதையைத்தான் வாசித்தாள். பாக்யா மடியில் கையைப் பிசைந்துகொண்டு தன் முறைக்குக் காத்திருந்தாள். இதோ கதைக்குள் நான் வரப்போகிறேன், இதோ என் முகத்தை எல்லோர் முன்னாலும் உரிக்கப்போகிறாள் என்று. வந்தது ஒரே வரிதான். அவர் பாஷை தெரிந்த ஒருத்தியிடம் கேட்டேன், அவள் முன்னோர் பறவை என்றாள். அவ்வளவு. அதற்குமேல் கதையில் அவளுக்கு இடமில்லை. மிச்சமெல்லாம் கிழவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடந்த பேச்சு. அவர் அந்த ஒரே சொல்லைச் சொல்வார். அவள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பதில் சொல்வாள். கோபமாக ஒருநாள், கேலியாக ஒருநாள், தன் ஊர் ஆறுகளின் பெயரைச் சொல்லி ஒருநாள், குளிப்பாட்டி முடித்து அவர் வெள்ளை முடியை வாரிக்கொண்டே ஒருநாள். மூடின கதவுக்கு வெளியே நின்று பாக்யா கேட்டு விளங்காமல் போன பேச்சு இது. இத்தனை பேருக்கும் அது இன்று விளங்கியது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஓரிடத்தில் எல்லோரும் சிரித்தார்கள், ருடோ சிரிக்கச் சொன்ன இடத்தில்.

முடிந்ததும் மேஜையருகே ருடோ தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பாக்யாவும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்தது. ருடோ நிமிர்ந்து பார்த்தாள். முகம் மாறவில்லை.

“இதைத் தமிழ்ல கொண்டுவரணும் ருடோ,” என்றாள் பாக்யா. “எங்க ஜனங்க இதைப் படிக்கணும். நான் பண்ணட்டுமா? ஒவ்வொரு வார்த்தையும் உன்கிட்ட கேட்டு, உள்ளது உள்ளபடி.”

“நிசாந்தினின்னு ஒரு யாழ்ப்பாணத்துப் பொண்ணு பண்ணிக்கிட்டிருக்கா. பாதி முடிச்சுட்டா.”

“ஓ.”

“வந்ததுக்கு நன்றி.” ருடோ புத்தகத்தை வாங்கி முதல் பக்கத்தைத் திறந்தாள். பேனாவைப் பிடித்தபடி, முன்னால் நின்றவர்களிடமெல்லாம் கேட்ட அதே மரியாதையோடு கேட்டாள். “யார் பேருக்கு எழுதட்டும்?”

பாக்யா அவள் கண்ணைப் பார்த்தாள். அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்திருக்கும்.

“பாக்யலட்சுமி,” என்றாள்.

“எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க.”

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். ருடோ கவனமாகக் கேட்டு, பிழையில்லாமல் எழுதி, புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு, பின்னால் நின்றவரைப் பார்த்துப் புன்னகை செய்தாள்.